கறுக்காத வித்து

ஜூன் 9, திங்கள்

காலையில் லேப் பூட்டைத் திறக்கப் போனால் வாசற்படியில் ஒரு சாக்கு மூட்டை. பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தாராபுரத்துக்குத் தெற்கே மலைவேம்பு வைத்திருக்கும் நாச்சிமுத்து. மூன்று வருட மரங்கள், பிளைவுட் கம்பெனிக்குப் போக வேண்டியவை, நுனியிலிருந்து காய்ந்துகொண்டே இறங்குகின்றனவாம். சாக்கை அவிழ்த்துப் பட்டைகளை என் மேசை மேலேயே கொட்டிவிட்டார். வெடித்த பட்டை, கறுத்த ஓரம், காய்ந்த பிசின்.

"மருந்தடிக்காத நாளில்லைங்க அம்மணி. ஊட்டுல சோறாக்கறாங்களோ இல்லையோ, நான் டேங்க்கைத் தூக்கிட்டுக் காட்டுக்குப் போயிருவனுங்க. நாத்துலயே சீக்கு வந்திருக்குதுன்னு சொல்றாங்க. உங்க காயிதம் வரட்டும், அந்த நர்சரிக்காரங்கள ஒரு கை பாத்துடறன்."

மதியம் வேளாண் துறையிலிருந்து சீல் வைத்த பையில் அந்த நர்சரியின் கன்றுகளும் வந்தன. பையின் மேல் உரிமையாளர் பெயர்: மகுடேஸ்வரி. படித்தேன். பையைப் பிரித்தேன். அவ்வளவுதான்.

மகுடி ஆறு வருடம் எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவள். ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டுக் காங்கேயத்துக்குப் பக்கம் நர்சரி போட்டுவிட்டாள். போகட்டும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

கேள்வி ஒன்றுதான். காட்டில் மரத்தைக் கொல்வதும் கன்றுக்குள் இருப்பதும் ஒரே பூஞ்சையா? ஒன்று என்றால் நோய் நர்சரியிலிருந்து வந்தது என்று அர்த்தம். அங்கே இருக்கும் கன்றுகளை எல்லாம் கொளுத்தச் சொல்வார்கள். வேறு என்றால் நாச்சிமுத்துவுக்கு யாரும் பதில் சொல்லப் போவதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பட்டையும் தண்டும் நறுக்கி, மேலே ஒட்டிய அழுக்குப் பூஞ்சை சாகும்படி மருந்துத் தண்ணீரில் முக்கிக் கழுவி, பெட்ரித் தட்டுகளில் வைத்தேன். விவசாயியுடையதற்கு 'வி', பண்ணையுடையதற்கு 'ப'. இரண்டாவது இன்குபேட்டர் இன்னும் பழுது. ரிப்பேர்காரன் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தடிக்கிறான். எல்லாத் தட்டுகளையும் ஒரே ட்ரேயில் அடுக்கிவிட்டேன்.

மகுடி இருந்தவரை ட்ரேயில் பாரஃபின் எண்ணெய் ஊற்றி, நடுவில் கண்ணாடி டம்ளர்களைக் கவிழ்த்து, அதன் மேல்தான் தட்டுகளை வைப்பாள். சர்க்கரை டப்பாவுக்கு எறும்பு ஏறாமல் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பதுபோல. தொட்டதெல்லாம் பிசுபிசுக்கும். அந்தக் கூத்தெல்லாம் இப்போது இல்லை. லேப் சுத்தமாக இருக்கிறது.

நாச்சிமுத்துவின் சாக்கை மேசைக்கடியில் தள்ளி வைத்தேன். நாளை எடுத்துப் போடவேண்டும்.

ஜூன் 12, வியாழன்

அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன் முடிந்தது. குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, சொட்டு மருந்து தவறக் கூடாது. அம்மாவோ ஆஸ்பத்திரி வாசலிலேயே கீழே விழுந்த டோக்கனை எடுக்கக் குனிகிறாள்.

ஜூன் 14, சனி

இரண்டும் வளர்ந்துவிட்டன. முதலில் வெள்ளைப் பஞ்சு, பிறகு சாம்பல், பிறகு கறுப்பு. தட்டைக் கவிழ்த்துப் பார்த்தாலும் ஒரே நிறம். கண்ணால் பார்த்து இது வி, இது ப என்று பிரிக்க முடியாது.

பூஞ்சை வித்து, அதாவது ஸ்போர், போட்டால்தான் முகம் தெரியும். நல்ல சாப்பாட்டில் வளரும் பூஞ்சை வித்து போடாது. பசிக்க வைத்தால்தான் போடும். இரண்டிலிருந்தும் துளி எடுத்து, சத்தில்லாத வெறும் அகார் கூழில் சவுக்கு மரத்து ஊசி இலைகளை வைத்து அதன் மேல் விட்டேன். அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் ஜன்னலோர அலமாரிக்குக் கொண்டுபோய்விட்டேன். இனிக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எனக்கு ஆகாத வேலை. சோறு வடிக்கும்போதுகூட மூடியைத் திறந்து திறந்து பார்ப்பவள் நான்.

ஜூன் 18, புதன்

எங்கள் தலைவர் ஞானசேகரன் சார் கதவில் நின்றபடியே கேட்டார். "என்னம்மா இந்து, தாராபுரம் கேஸ் என்னாச்சு? மேலருந்து போன் மேல போன்."

"வித்துக்குக் காத்திருக்கேன் சார்."

"அது எப்ப வந்து, நீங்க எப்ப அதோட நீளம் அகலம் அளந்து. டிஎன்ஏவைப் படிச்சா வேலை முடிஞ்சுது. எந்தக் காலத்துல இருக்கோம்?"

அவர் சொல்வதும் சரிதான். எனக்கும் பொறுமை இல்லை.

சாக்கு இன்னும் மேசைக்கடியில்தான் இருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

பழைய தட்டுகளிலிருந்து வி, ப இரண்டையும் சுரண்டி டிஎன்ஏ பிரித்தேன். பூஞ்சையை அடையாளம் காட்டும் துண்டைப் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படித்துத் தரச் சொல்லிப் பெங்களூருக்குக் கூரியர். காஸ் சிலிண்டர் வந்து, ஆள் இல்லை என்று திரும்பிப் போய்விட்டது. ஆள் இருந்தாள், கதவைத் திறக்கக் கூடாது என்று அம்மாவிடம் நான்தான் சொல்லியிருந்தேன்.

ஜூன் 25, புதன்

சவுக்கு ஊசிகளில் கறுப்புப் புள்ளிகள். ஒன்றை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வித்துகள்! நீளவாட்டில் முட்டை வடிவம், நிறமே இல்லை, உள்ளே தடுப்பும் இல்லை. வி அப்படித்தான். ப-வும் அப்படித்தான். அக்கா தங்கைபோல இருக்கின்றன.

ஆனால் இவை பச்சைக் குழந்தைகள். இந்தக் குடும்பத்துப் பூஞ்சைகள் எல்லாம் சின்ன வயதில் ஒரே ஜாடைதான். பழுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்: சிலது காப்பி நிறத்தில் கறுத்து, நடுவில் தடுப்பு விழுந்து, மேலே நெடுக்குவாட்டில் கோடு கோடாக வரும். சிலது கடைசிவரை வெள்ளையாகவே நிற்கும். அதற்கு இன்னும் நாளாகும்.

மதியம் போனில் ஒரு செய்தி. பெயர் இல்லை, எண் மட்டும். அந்த எண்ணை நான் அழித்துவிட்டேன், இருந்தாலும் தெரியும்.

"ஸ்போர் கறுத்துச்சா?"

என்ன கொழுப்பு. நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்கு வேலை சொல்லித் தருகிறாள். பதில் போடவில்லை. அதை மூன்று தடவை படித்தேன், அவ்வளவுதான்.

ஜூலை 3, வியாழன்

பெங்களூரிலிருந்து வந்துவிட்டது. ஐந்நூற்றுச் சொச்சம் எழுத்துகள். வி-யையும் ப-வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை. லேசியோடிப்லோடியா. மாவிலிருந்து முந்திரிவரை கை வைக்காத மரமில்லை.

சார் என் மேசைக்கே வந்துவிட்டார். "நூத்துக்கு நூறா? அப்புறம் என்ன. இன்னிக்கே அனுப்பிடுங்க."

"வித்து இன்னும் பழுக்கல சார். ஒரு வாரம் போனா..."

"டிஎன்ஏ சொன்னதுக்கு மேல மைக்ராஸ்கோப் என்ன சொல்லிடப் போகுது?"

எழுதினேன். 'நாற்றுப்பண்ணையின் கன்றுகளிலும் பாதிக்கப்பட்ட மரங்களிலும் காணப்படுவது ஒரே நோய்ப்பூஞ்சை.' ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டேன். நான் ஏன் தயங்கவேண்டும்? உண்மையைச் சொல்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. அப்படி ஒன்றும் அவள் சுத்தம் இல்லை என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்றும் எழுதிவைக்கிறேன், இது என் நாட்குறிப்புதானே.

சாயங்காலம் டம்ளர்கள் கழுவும்போது மகுடியின் டீக் கோப்பை கை தவறி விழுந்து உடைந்தது. பழைய கோப்பைதான். ஓரம் ஏற்கெனவே சிதைந்திருந்தது.

ஜூலை 4, வெள்ளி

ஒன்றும் விசேஷமில்லை. ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

நாச்சிமுத்து போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அம்மணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். பதினெட்டாந்தேதி அந்த நர்சரில இருக்கற மலைவேம்பு அத்தனையும் தீ வெக்கறதுக்கு ஆர்டர் ஆயிருச்சாமுங்க. ஆடி மொத வெள்ளி. நட்டஈடும் கேக்கலாமுன்னு சொல்லியிருக்காங்க."

நல்லதுங்க என்றேன். வைத்துவிட்டு யோசித்தால், ஆடி. ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஊரே கன்று வாங்க வரும் காலம். ஒரு நர்சரிக்கு வருடம் முழுக்க வளர்த்தது விற்றுப்போகிற மாதமே அதுதான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நோய் நோய்தானே.

ஜூலை 9, புதன்

ஜன்னலோரத் தட்டுகளைச் சும்மா பார்த்தேன். ரிப்போர்ட்தான் போய்விட்டதே, வேறு வேலை இல்லை என்று பார்த்தேன்.

வி கறுத்துவிட்டது. நல்ல காப்பி நிறம், நடுவில் தடுப்பு, மேலே கோடுகள். புத்தகத்துப் படம்.

ப வெள்ளையாகவே இருக்கிறது.

மெதுவாகப் பழுக்கிறது போலும். சில தட்டுகள் சோம்பேறி.

ஜூலை 11, வெள்ளி

ப இன்னும் வெள்ளை. காலையில் பார்த்தேன், பத்து மணிக்குப் பார்த்தேன், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். ஊசிகளில் புள்ளிகள் முதிர்ந்து வெடித்தே விட்டன. கிழமாகிவிட்ட வித்துகள், ஆனால் ஒரு துளி நிறம் இல்லை. இரண்டும் ஒரே இனம் என்றால் ஒன்று கறுத்து ஒன்று ஏன் வெளுத்து நிற்கவேண்டும்?

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன். கண்ணுக்கு மருந்து ஊற்றக் கூப்பிட்ட அம்மா கேட்டாள்.

"எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை என்னத்துக்குக் காயுது? உனக்கென்ன கண்ணு ஆச்சு?"

"லேப்ல ஒரு சந்தேகம்."

"மகுடேஸ்வரி சமாச்சாரமா?"

சொட்டு மருந்து கண்ணில் விழாமல் கன்னத்தில் விழுந்தது. "உனக்கு யார் சொன்னது?"

"அந்தப் புள்ளதான். ஆபரேசனுக்கு மொத நாளும் பேசுனா, மறு நாளும் பேசுனா. எப்பவும் பேசுவாளே. உங்கிட்ட சொன்னா நீ மூஞ்சிய தூக்குவேன்னு சொல்லல." அம்மா மூடிய கண்ணோடு தலையை நிமிர்த்தியே வைத்திருந்தாள். "நேத்தும் பேசுனா. கன்னெல்லாம் கொளுத்தப் போறாங்களாமா. அழுகல கொள்ளல. இந்து எழுதுனா சரியாத்தான் இருக்கும் அத்தைங்கறா."

மறு சொட்டை ஒழுங்காக விட்டேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூலை 14, திங்கள்

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

லேப் திறந்ததும் இன்குபேட்டரில் இருந்த பழைய ப தட்டை வெளியே எடுத்தேன். டிஎன்ஏவுக்குச் சுரண்டிய அதே தட்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பொடிப் பொடியாகப் பூஞ்சைப் புள்ளிகள், கோணல் மாணலாக ஒரு கோடு. யாரோ மாவுக் காலோடு நடந்துபோனதுபோல. லென்சின் கீழ் வைத்தேன். அந்தக் கோட்டின் முனையில் உப்புத்தூள் அளவில் ஒன்று நகர்ந்தது.

மைட். செடிப்பேன் இனத்தில் பொடியன். பூஞ்சையைத் தின்று வாழ்வது, தட்டு மூடியின் இடுக்கில் நுழைந்துவிடுவது, காலிலும் முதுகிலும் வித்துகளைச் சுமந்துகொண்டு அடுத்த தட்டுக்குப் போவது. அதே ட்ரேயில் இருந்த வி தட்டுகளைத் திறந்தேன்; ஒன்று விடாமல் ஊர்கின்றன. மேசைக்கடியிலிருந்து சாக்கை இழுத்தேன். பட்டை இடுக்கெல்லாம் அதுதான். இத்தனை வாரமும் அதன் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

ஆக, மகுடியின் கன்றுடையது என்று நினைத்து நான் பெங்களூருக்கு அனுப்பியது நாச்சிமுத்துவின் பூஞ்சையை. அது ப தட்டில் ஏறி, ப-வை மூடி வளர்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே நிறம் என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. வி-யையும் வி-யையும் பக்கத்தில் வைத்து, நூற்றுக்கு நூறு பொருந்துகிறது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பொருந்தாமல் என்ன செய்யும்?

ஜன்னலோரம் போன ப மட்டும் தப்பித்தது, மைட் ஏறுவதற்கு முன்பே அதைப் பிரித்து எடுத்துப் போனதால். அது வாரக்கணக்கில் வெள்ளையாக நின்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதற்கும் முன்னால் ஒருத்தி கேட்டாள், கறுத்துச்சா என்று. ட்ரேயில் ஒரு கிண்ணம் எண்ணெய் ஊற்றியிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. அதை நான் ஏன் ஊற்றவில்லை என்று எனக்கே தெரியும். அது மகுடியின் வழக்கம் என்பதால் ஊற்றவில்லை.

ஜன்னலோர ப-விலிருந்து புதிதாக டிஎன்ஏ எடுத்து, அவசரம் என்று எழுதி மறுபடி அனுப்பினேன்.

ஜூலை 15, செவ்வாய்

லீவு போட்டுவிட்டுத் தாராபுரம் பஸ் ஏறினேன். பண்ணையிலிருந்து வரவில்லை என்றால் எங்கிருந்து வந்தது? அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

நாச்சிமுத்து மோர் கொடுத்துக் காட்டைச் சுற்றிக் காட்டினார். காய்ந்த மலைவேம்பு வரிசைகளுக்கு நடுவே அங்கங்கே மொட்டை மொட்டையாக அடிக்கட்டைகள்.

"இதென்னங்க?"

"மாமரமுங்க. காய்ப்பில்லீன்னு அறுத்துப்போட்டு நடுவுல இதை வெச்சனுங்க. வேரைத் தோண்டறதுக்கு மெசின் கூப்புட்டா கட்டுபடியாகல."

அடிக்கட்டைப் பட்டையில் கறுப்புப் புள்ளிகள் மிளகு தூவியதுபோல. கைப்பெட்டி மைக்ராஸ்கோப்பை அவர் வண்டிச் சீட்டின் மேல் வைத்து நசுக்கிப் பார்த்தேன். காப்பி நிறம், தடுப்பு, கோடுகள். வருடக்கணக்காகப் பழுத்துக் கிடந்த வித்துகள். மழை பெய்யும்போதெல்லாம் தெறித்திருக்கும். கவாத்து வெட்டிய காயத்தில் எல்லாம் ஏறியிருக்கும்.

அவருக்குச் சொன்னேன். அவரையும் பார்க்கவைத்தேன். ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"அப்ப சீக்கு எம்பட காட்டுலயே குடியிருந்துதுங்களா?"

"ஆமாங்க. இன்னும் டிஎன்ஏ பார்க்கணும். ஆனா நான் எழுதுன ரிப்போர்ட் தப்புங்க."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அந்தப் புள்ளைய ஆபீசர் முன்னால நிக்க வெச்சு வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டு வந்தனுங்களே" என்றார். பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். நஷ்ட ஈடு என்ற வார்த்தையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஜூலை 16, புதன்

சாரிடம் சொல்லிவிட்டேன். மைட் தட்டையும் காட்டினேன். தள்ளி வைத்துக்கொண்டு பார்த்தார்.

"கமிட்டில வெச்சு ஆர்டர் போட்டாச்சு இந்து. இப்ப போய் பேன் ஏறிடுச்சுன்னு சொன்னா லேபோட மானம் கப்பலேறிடும். திங்கக்கிழமை வாங்க, பேசிக்கலாம்."

"வெள்ளிக்கிழமை தீ வைக்கறாங்க சார்."

"புது ரிசல்ட் கையில வராம நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன்."

அது நியாயம். அதே நியாயத்தை மூன்றாம் தேதி என்னிடம் சொல்லியிருக்கலாம். அதை நான் அவரிடம் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு போகச் சொன்னார்.

ஜூலை 17, வியாழன்

சாயங்காலம் மெயில் வந்தது. ப வேறு. எழுத்து எழுத்தாக வேறு. பாட்ரியோஸ்பேரியா. அதே குடும்பம்தான், ஆனால் செடி வலுவாக இருக்கும்வரை உள்ளே சும்மா குடியிருக்கிற வகை. நல்ல கன்றிலும் இருக்கும்.

சாரின் போன் அணைந்திருக்கிறது. வேளாண் அலுவலர் எடுத்தார். எழுத்தில், தலைவர் கையெழுத்தோடு வந்தால்தான் நிறுத்தமுடியும் என்றார். மகுடியின் எண்ணை எடுத்தேன். என்ன சொல்வது? நீ சரி, நான் தப்பு என்று போனிலா சொல்வது? நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன்.

"காலைல காங்கேயம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறனுங்க" என்றார்.

ஜூலை 18, வெள்ளி

பல்லடத்தில் கோயில் கூட்டம். பஸ் நகரவே இல்லை. இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. காங்கேயத்தில் நாச்சிமுத்துவின் வண்டியில் ஏறி, மேட்டைத் தாண்டும்போதே புகை தெரிந்தது. வெள்ளைப் புகை, பச்சைச் செடி எரியும் புகை. அவர் வண்டியை இன்னும் முறுக்கினார்.

நிழல்வலைக் கூடாரங்களை ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பையோடு கன்றுகளைக் குவித்து, வைக்கோல் போட்டு, டீசல் ஊற்றி. பாதிக்கு மேல் சாம்பல். அலுவலர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"ரிப்போர்ட் எழுதுனது நான்தான் சார். அது தப்பு. நிறுத்துங்க."

"கையெழுத்து இருக்குதுங்களா?"

இல்லை. என்னிடம் போனில் ஒரு மெயிலும் நாலு படங்களும்தான் இருந்தன. அப்போதுதான் நாச்சிமுத்து முன்னால் வந்தார்.

"புகார் குடுத்தவன் நானுங்க. எம்பட காட்டு மாங்கட்டைல இருந்துதான் சீக்கு வந்துதுன்னு என் கண்ணாலயே பாத்துட்டேன். புகாரை வாபஸ் வாங்கிக்கறன். காயிதம் குடுங்க, கையெழுத்துப் போடறன். அதுக்கு மேல தீ வெக்கறதுன்னா என்னையும் சேத்து வெச்சுருங்க."

அலுவலர் யார் யாருக்கோ போன் போட்டார். வேலையாட்கள் தூக்கிய கன்றுகளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள். கடைசியில், திங்கள்வரை நிறுத்தி வைக்கிறேன் என்றார்.

மகுடி தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்றிருந்தாள். இளைத்துவிட்டாள். காதோரம் நரை. கையெல்லாம் மண். நாச்சிமுத்து அவள் பக்கம் போய்க் கும்பிட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். என்னைப் பார்த்து, "காட்டு" என்றாள்.

போனைக் கொடுத்தேன். முதல் படத்தை விரலால் விரித்துப் பார்த்தாள். இடுங்கிய கண்ணோடு, அடுத்த மேசையில் உட்கார்ந்து பார்ப்பாளே, அப்படியே.

"கோடு நல்லா விழுந்திருக்குது. இது அவருது."

"ம்."

அடுத்த படத்துக்குத் தள்ளினாள். "இது?"

"உன்னுது."

"கறுக்கல."

"கறுக்கவே இல்ல."

"அப்புறம் எப்படிடி நூத்துக்கு நூறு வந்துது?"

"மைட் ஏறிருச்சு."

அவள் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "எண்ணெ ஊத்தி வெக்கலியா?"

"இல்ல."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எரிந்த குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவளை இத்தனை நாள் பார்க்காமல் இருந்தது தாங்கமுடியாமல் இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தால், "நீ சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியே" என்றுதான் வருகிறது.

"நானா?" என்றாள். "மூணு தடவ கேட்டேன், ஒட்டுக்கா நர்சரி போடலாம் வாடின்னு. பாக்கலாம் பாக்கலாம்னே சொல்லிட்டிருந்த. எத்தன நாளைக்குப் பாக்கறது?"

கேட்டாள்தான். டீ குடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன் என்று இங்கே எழுதலாம். எழுதவில்லை.

"நின்னுட்டே இருக்காத" என்றாள். "தீ அனல் பட்டு அந்தக் கடைசி வரிசை வாடுது. ஓஸை எடு."

பொழுது சாயும்வரை தண்ணீர் ஊற்றினோம். நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெளியே தூக்கிப் போட்ட பைகளைத் திரும்ப உள்ளே அடுக்கினார். கிளம்பும்போது மகுடி வாடாத கன்றாகப் பார்த்துச் சில பிடுங்கிப் பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

"மறுபடியும் பாரு. மொதல்ல பாத்தது தப்புன்னா இதுவும் தப்பா இருக்கலாமில்ல. எனக்காகப் பாக்காத. இருந்தா இருக்குதுன்னு எழுது, மிச்சத்தையும் நானே கொளுத்திக்கறேன்."

ஜூலை 21, திங்கள்

மெமோ வந்தது. தலைவர் அனுமதியின்றிக் கள விவகாரத்தில் தலையிட்டது. பதில் எழுதினேன். மைட் என்ற வார்த்தையை முதல் வரியிலேயே போட்டேன். சார் அதைப் படித்துவிட்டு வெகு நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு திருத்திய ரிப்போர்ட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மகுடியின் புதுக் கன்றுகள் என்ன சொல்கின்றன என்று தெரியும்வரை எதையும் கொளுத்தவேண்டாம் என்று கீழே ஒரு வரி அவர் கையாலேயே எழுதியிருந்தார்.

சாக்கை வெளியே கொண்டுபோய் எரித்தேன். அலமாரி, மேசை, இன்குபேட்டர் எல்லாம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். புதுக் கன்றுகளை நறுக்கித் தட்டில் வைத்தாயிற்று. ட்ரேயில் எண்ணெய் ஊற்றி, டம்ளர்களைக் கவிழ்த்து, அதன் மேல் தட்டுகள். கை, போன், கதவுப் பிடி எல்லாம் பிசுபிசுப்பு.

அம்மாவுக்குச் சொட்டு மருந்து நிறுத்தியாயிற்று. கண்ணாடி போடாமலேயே நாள்காட்டி படிக்கிறாள்.

ஜூலை 22, செவ்வாய்

ட்ரேயைப் படம் எடுத்து மகுடிக்கு அனுப்பினேன். மதியம் வரை பதில் இல்லை. தட்டைத் திறக்காமல் இருக்க, மேசையை இரண்டு தடவை துடைத்தேன். நாலு மணிக்குச் செய்தி வந்தது.

"எண்ணெ பத்தாது. இன்னும் ஊத்து."

ஊற்றினேன்.